ஏழுமலையின் கழுத்தும் எங்கள் டாக்டரும்

காலையில் எக்ஸ்ரே அறையைத் திறந்துகொண்டிருந்தேன். நர்ஸ் ஓடிவந்து, "அக்கா, நம்ம டாக்டர் அமலநாதன் சார் தூக்கத்துலயே இறந்துட்டாராம்" என்றாள். மாரடைப்பு. முந்தின நாள்தான் ஒரு படம் கலங்கலாக இருக்கிறதென்று என்னைத் திட்டியிருந்தார். அதற்குச் சுடச்சுட ஒரு பதில் வைத்திருந்தேன். இனி யாரிடம் சொல்வது?

மரக்காணத்தில் அவரிடம் காட்டியவர்களுக்குத் தெரியும், மனிதர் அளக்காமல் வாய் திறக்கமாட்டார். கழுத்தைப் பக்கவாட்டில் நான் எடுத்துக் கொடுக்கும் படத்தில் எலும்பின் அகலத்தை அளப்பார். அதன் பின்னால் நரம்புத் தண்டு இறங்கும் குழாயையும் அளந்து, குழாயின் அளவை எலும்பின் அளவால் வகுப்பார். "மில்லிமீட்டரை நம்பாதம்மா. மிஷினைக் கிட்ட வெச்சா படம் பெரிசாயிடும், தள்ளி வெச்சா சின்னதாயிடும். விகிதம் மாறாது" என்பார். அந்த விகிதத்தால் கை கால் விழாமல் பிழைத்தவர்கள் உண்டு. ஒருவர் விஷயத்தில் அது பிசகியது.

சுனாமிக்கு அடுத்த கோடையில் ஏழுமலை வந்தார். உப்பளத்தில் தலைச்சுமை தூக்குபவர், கதவை அடைக்கிற உடம்பு. கழுத்தில் வலி, விரல்களில் மதமதப்பு. அளந்து வகுத்ததில் விகிதம் ரொம்பக் குறைவாக வந்தது. "குழாய் குறுகலா இருக்குப்பா. இனிமே தலையில சுமை வெக்காத, கை கால் போயிடும்" என்றார். பாண்டிச்சேரி போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னதை ஏழுமலை காதில் வாங்கவில்லை. "அதான் எக்ஸ்ரேலயே தெரிஞ்சிடுச்சேங்க" என்று வீட்டோடு இருந்துவிட்டார். சுமைக்கூட்டத்தில் ஒருவர் நின்றால் மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஆள்.

மழைக்கு முன் டாக்டரே அவரை பஸ்ஸில் அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார். நரம்பைச் சுற்றித் தாராளமாக இடம் இருந்தது. வலியும் மதமதப்பும் அதற்குள் விட்டிருந்தன. "குழாய் சின்னதில்லம்மா, எலும்புதான் பெரிசு, அதான் விகிதம் குறைஞ்சிடுச்சு. கணக்கு சரி, நான் ஆளைப் பாக்கல" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் உப்பளத்துக்குப் போய், ஏழுமலையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி மேஸ்திரியிடம் கேட்டார். நானும் இருந்தேன். "டாக்டர் வாயால ஆகாதுன்னு சொன்ன கழுத்துங்க. நாளைக்கு விழுந்துட்டா ஊரு என்னைத்தான கேக்கும்?" என்றார் மேஸ்திரி. ஏழுமலை கூனிமேட்டு ஐஸ் கம்பெனிக்குக் காவலுக்குப் போனார். பார்க்கும்போதெல்லாம் டாக்டர், "ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போயேம்பா" என்பார். "நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்று அவர் சிரிப்பார். திட்டியிருந்தால் டாக்டருக்கு மனசு ஆறியிருக்கும்.

அடக்கத்தன்று சர்ச்சிலிருந்து பெட்டியைத் தூக்க ஏழுமலை முன்னால் வந்து நின்றார். "உனக்குத்தான் கழுத்து ஆகாதேப்பா, விடு" என்றார் ஒருவர்.

"அவரே ஸ்கேன் பாத்து ஒண்ணுமில்லன்னாரு. அவரு சொன்னதுல அதை மட்டும் நம்ப மாட்டீங்களா?" என்று அதட்டிவிட்டுத் தோள் கொடுத்தார். கல்லறைவரை தோள் மாற்றவில்லை. மேஸ்திரி பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு நடந்தார்.

இப்போது கழுத்துக்கென்று யார் வந்தாலும், படம் எடுக்குமுன் கொஞ்சம் நடக்கவிட்டு, சட்டைப் பித்தானைப் போடச்சொல்லிப் பார்க்கிறேன்; நரம்பு நசுங்கியிருந்தால் காலும் விரலும் அதில் தடுமாறும். ஏழுமலைக்குப் பிறகு டாக்டர் பிடித்துக்கொண்ட வழக்கம் அது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அதுதான். புது டாக்டருக்கு நேரமாகிறதாம். ஆகட்டும். அமலநாதன் சாருக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தியும் இருக்கிறது. பெட்டிமேல் மண் விழுந்து முடிந்ததும் மேஸ்திரி ஏழுமலையிடம் வந்து, "காலையில வேலைக்கு வந்துடு" என்றார்.

டாக்டர் இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.