அப்பன் செய்தது

கோதன்பர்க் நகரத்துக்கு நான் வந்த புதிதில் ஒரு நாள் காலை டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர் நடைபாதையில் மூன்று ஆண்கள் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அலுவலகங்களெல்லாம் திறந்திருக்கிற நேரம். பாவம், மூன்று பேருக்குமே பெண்டாட்டி இல்லை போலிருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. என் பக்கத்தில் நின்றவனும் ஒரு வண்டி வைத்திருந்தான். "குழந்தையோட அம்மா?" என்று ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வேலைக்குப் போயிருக்கிறாள்" என்றான். நான் பெருமூச்சுவிட்டுச் சிரித்ததைப் பார்த்து என்ன நினைத்தானோ, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டான். இந்த சுவீடன் நாட்டில் தகப்பன்களுக்கும் பிள்ளை வளர்க்க மாதக்கணக்கில் விடுப்பு உண்டு, அதற்குப் 'பப்பாலேடிக்' என்று பேர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ஊர் இராஜபாளையம். அங்கே ஓர் ஆண் பட்டப்பகலில் கைக்குழந்தையோடு தெருவில் நின்றால், வீட்டில் நடக்கக் கூடாதது நடந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நடந்திருந்தது. என்னைப் பெற்ற கொஞ்ச நாளில் அம்மா இறந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்த அண்ணனை, அம்மாவின் தம்பி வத்திராயிருப்புக்குக் கூட்டிப்போனார். என்னையும் கேட்டார்கள். அப்பா தரவில்லை. அப்பா பேண்டேஜ் துணி தயாரிக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். அந்தப் பட்டறையின் மூலையிலேயே, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் தொட்டில் கட்டி என்னைப் போட்டு வளர்த்தார். காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் என்னைக் கிடத்தி அவர் குளிப்பாட்டுவதைப் பார்க்கத் தெருப் பெண்கள் கூடுவார்களாம். "ஏட்டி, இங்க வந்து பாரு, பெத்தவ கணக்கா குளிப்பாட்டுதாரு" என்று ஒருத்தி சொல்ல, அன்றிலிருந்து அவருக்கு 'ஆம்பளத் தாய்' என்று பேராகிவிட்டது. பாராட்டாகத்தான் சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார்.

அவருக்குத் தாலாட்டுத் தெரியாது. என்னைத் தூங்க வைக்க, மதுரை பஸ் நிற்கிற ஊர்களைக் கண்டக்டர் மாதிரி வரிசையாகச் சொல்வார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, கல்லுப்பட்டி, திருமங்கலம், மதுரை. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் எனக்கு அது வேண்டும். கல்லுப்பட்டியைத் தாண்டி நான் விழித்திருந்ததாக ஞாபகமே இல்லை. இதை எந்த அம்மாவிடமிருந்தும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. அது முழுக்க முழுக்க அவருடையது.

போன வாரம் இங்குள்ள நூலகத்தில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. ஒரு கப்பல் கதையைப் படித்திருந்தோம். அதில் தாடி வைத்த கிழட்டு மாலுமி ஒருவன் வருகிறான். எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பான், கிழிந்த சட்டையைத் தைப்பான், காய்ச்சல்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். வட்டத்தை நடத்துகிற பிர்கித்தா கதாபாத்திரங்களை வகை பிரித்துக்கொண்டே வந்து, அவன் முறை வந்ததும் "இவன்தான் மம்மாஃபிகூர்" என்றார். கதையில் வரும் அம்மா மாதிரியான ஆள் என்று பொருள். ஏன், அப்பா மாதிரி என்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன். பிர்கித்தா கனிவாகச் சிரித்து, "அப்பா, கேப்டன்தானே" என்றார். அந்தக் கேப்டன் கதை முழுக்க மாலுமிகளைத் திட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஓர் ஆள் தன் குழந்தைக்கு மசித்த பழம் ஊட்டிக்கொண்டிருந்தான். நான் புத்தகத்தை மூடிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுவீடிஷ் போதவில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

இதே பேச்சைக் கடல் தாண்டாமலே நான் கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்பாவை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். அதை வெளியிட்ட சிற்றிதழ், 'ஆண் வடிவில் ஒரு தாய்' என்று தலைப்பு மாற்றிப் போட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இதழை அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்து முடித்தார்.

"நல்லாத்தாம்லே எழுதியிருக்க. என்னைய எதுக்கு அம்மாவாக்குன?"

"உயர்த்தித்தானப்பா போட்டிருக்காங்க."

"உங்கம்மா இருந்தா அவ அம்மா. இல்லாத எடத்துல நான் அப்பனாத்தான இருந்தேன். சோறூட்டுனா பொம்பளப் பேரு, பெல்ட்டெடுத்து அடிச்சா மட்டும் அப்பன் பேரா? அப்ப அப்பன்னா ஒண்ணுமே இல்லையாலே?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இதழை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அவ்வளவு தூரம் அடிபட்ட முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு அவர் இறந்தார். இரண்டு விமானம் மாறி மதுரையில் இறங்கி, கார் பிடித்து நான் போய்ச் சேரும் வரை ஃப்ரீசர் பெட்டியில் காத்திருந்தார். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன். அண்ணன் ஈர வேட்டியோடு தயாராக நின்றான். விமானத்தில் வரும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்புதான். என்னைத் தூக்கி வளர்த்த உடம்புக்கு, அவரோடு வளராத ஒருவன் தீ வைப்பான், நான் வேடிக்கை பார்ப்பேன். நினைக்க நினைக்க அண்ணன்மேல் பொறாமையாக இருந்தது.

சுடுகாட்டில், அண்ணனைக் கூட்டிப்போய் வளர்த்த மாமா என் கையைப் பிடித்தார்.

"மருமவனே, நீ கொள்ளி வையி. உனக்கு அவிய தாய்தான? தாய்க்கு இளையவன் வைக்கிறதுதான மொற. ஊர்ல ஒருத்தரும் கொற சொல்ல மாட்டாவ."

அண்ணன் மறுக்கவில்லை. "நீயே வையிலே. நான் எங்க அவிய கூட இருந்தேன்" என்று கொள்ளியை என் பக்கம் நீட்டினான்.

நான் கேட்டிருந்தால்கூட இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. கையை நீட்டியும்விட்டேன். அதை வாங்கிக்கொண்டால் அப்பா ஊர் பார்க்கத் தாயாகத்தான் போவார். கடைசியாக ஒருமுறை அவர் செய்ததையெல்லாம் எடுத்து வேறொரு பேரில் எழுதிவிடுவோம். பதில் சொல்ல இந்த முறை அவர் இல்லை.

"இல்ல மாமா. அவிய அப்பா. அப்பாவுக்கு அண்ணந்தான் வைக்கணும்."

மாமா என்னை வெறித்துப் பார்த்தார். பின்னால் யாரோ, "வெளிநாடு போனதும் ஒட்டுறவு அத்துப்போச்சு பாரு" என்றது காதில் விழுந்தது. விளக்கம் சொல்லி முடிகிற விஷயமில்லை. அண்ணன் கொள்ளி வைத்தான். வைத்த கையோடு "எப்பா" என்று ஒரு சத்தம் போட்டு அழுதான். அவன் அப்படிக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது முறை. நடந்தேன். நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கை மட்டும் அந்தக் கொள்ளிக்கு இன்னமும் ஏங்குகிறது.

இப்போது நானும் பப்பாலேடிக்கில் இருக்கிறேன். என் மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நேற்று டிராமில் அழுகையை நிறுத்தவே மாட்டேன் என்றாள். வண்டியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் காதோரம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஆரம்பித்தேன். எதிர் இருக்கையில் இருந்த சுவீடிஷ் மூதாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை அடங்கியதும் குழந்தையைப் பார்த்து, "உனக்கு நல்ல பப்பா" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அப்பா ஆயுசு முழுக்க உழைத்தும் சொந்தத் தெருவில் கிடைக்காத பேர், மொழி சரியாக வராத ஊரில் எனக்குச் சும்மா கிடைத்துவிட்டது.

கல்லுப்பட்டியில் மகள் தூங்கிப்போனாள். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பேரை ஒலிபெருக்கி சொன்னது. கதவு திறந்தது, மூடிக்கொண்டது. நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் திருமங்கலமும் மதுரையும் பாக்கி இருந்தன.