லென்ஸில் பிடித்த பூஞ்சை

அம்மாவுக்கு அடுத்த சுற்று மருந்து ஏற்றுவதற்குள், தலைமுடி மிச்சமிருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று அப்பா துடித்தார். ஸ்டுடியோவுக்கு வர அம்மா சம்மதிக்கவில்லை. “ஊரே வேடிக்கை பாக்கும். வீட்லயே எடுங்க, எங்கண்ணன் கேமரா இருக்குல்ல” என்றாள்.

அந்த மாமா நான் பிறக்குமுன்பே இறந்துவிட்டார். அவருடைய பழைய கேமராவை அம்மா தோலுறையோடு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருந்தாள். தூசி படக்கூடாது என்று யாரையும் தொடவிடமாட்டாள்.

அப்பாவுக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறை. அன்று பட்டறையைத் திறக்காமல் மாட்டுத்தாவணிக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கிவந்தார். அம்மா கல்யாணப்புடவையைக் கட்டிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அப்பா என்னையும் பார்க்கச் சொன்னார். அதற்குள் அம்மா பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கழுவி வந்த படங்களில் அம்மாவின் முகமே இல்லை. வெள்ளை மூட்டத்துக்குள் அரக்குப் புடவை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அப்பா கேமராவை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் லென்ஸுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஒட்டடைபோல வெள்ளை இழைகள்.

“பூஞ்சைண்ணே. கண்ணாடி மேல பூசியிருக்குறதையே தின்னுருச்சு, தொடச்சாலும் போகாது. உறைக்குள்ளயே பூட்டி வச்சிருந்தீங்களா? காத்துப் படாம வச்சா இப்படித்தான் ஆகும்.”

அப்பா கேமராவைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் வரும்போது, “அம்மாட்ட இதச் சொல்லிறாத பாப்பா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “என் கை ஆடிருச்சு. அதான் எல்லாம் கலங்கிப்போச்சு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கேமராவைப் பூட்டி வைத்தது அம்மா. பழியை இவர் ஏன் சுமக்கிறார்?

அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “லேத்துல ஆடாம நிக்கிற கையா இம்புட்டு ஆடுச்சு?” என்று சிரித்தாள். “விடுங்க. இன்னொரு நாள் எடுத்துக்கிருவோம்.”

“அடுத்த வாரமே எடுத்துருவோம்” என்றார் அப்பா.

அடுத்த வாரம் அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்து அவள் உயிரோடு திரும்பவில்லை. வாக்காளர் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். அதில் இருப்பது யாரோ ஒரு பெண்.

கலங்கிய படத்தைப் பார்த்த அன்று அவர்கள் இருவரும் அடுத்த வாரத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசியதை நான் அப்படியே நம்பினேன். “அந்தப் போட்டோவுல நானும் அம்மா மடியில ஒக்காந்துக்கிறவா?” என்று கேட்டேன். அம்மா என் தலைமுடியைக் கோதிவிட்டாள். சரி என்றுதான் அர்த்தம் என எடுத்துக்கொண்டு, பச்சைப் பாவாடையா மஞ்சளா என்று பார்க்க உள்ளே ஓடினேன்.