பெண்ணின் கயிறும் என் கற்பூரமும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. "உடம்பு சரியில்லையா சார்?" என்று சிலர் அக்கறையாக விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெளியே முகம் காட்ட முடியாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்... அதுதான் விஷயம்.

என் மகள் தேன்மொழி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கொஞ்ச காலமாக, ஞாயிற்றுக்கிழமையானால் பாறை ஏறப் போய்விடுகிறாள். காரைக்காலில் பிறந்த பெண்ணுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது? எங்கள் ஊரில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரிக் குவியலை விட்டால், கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் கடலும்தான்.

சொந்தமாக ஒரு கயிறு வாங்கப்போவதாக அவள் சொன்னபோது நான் சும்மா இருப்பேனா? கிளிஞ்சல்மேடு மீனவர் குப்பத்துக்குப் போய், படகு கட்டுகிற கயிற்றை போட்டோ எடுத்து அனுப்பினேன். 'போட்டையே இழுத்துப் பிடிக்குது, உன்னைப் பிடிக்காதா?' என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன். உடனே கூப்பிட்டுவிட்டாள்.

"ஐயோ அப்பா! வழுக்கி விழுந்தா கயிறு கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கணும். கொடுக்கலேன்னா கயிறு தாங்கும், என் இடுப்பு தாங்காது. இதுக்குன்னே தனியா விக்கிறாங்க. அதைத்தான் வாங்கணும்."

ஷூ வேறு விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டுமாம். காசு கொடுத்துக் கால் கடிக்கிற ஷூவை வாங்குவார்களா என்று நான் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, ஞாயிறு காலை நேராக பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ராமநகரத்துப் பாறைக்குப் போவதாகத் திட்டம். அதனால் ஏறுகிற சாமான் பையும் கூடவே வந்திருந்தது.

எங்கள் தலத்தெரு வீட்டில் ஆயுத பூஜை என்றால் பைக், மிக்ஸி, அரிவாள்மனை, என் லேப்டாப் — எதுவும் பொட்டுக்குத் தப்பாது. ஹெல்மெட்டுக்கும் இரும்புக் கொக்கி மாதிரி இருந்த வளையங்களுக்கும் அவளே சந்தனம் வைத்தாள். கயிறு மட்டும் பைக்குள்ளேயே இருந்தது.

"இது மட்டும் வேணாம்ப்பா. சந்தனம், எண்ணெய், சூடு எதுவும் இது மேல படக் கூடாது. மிதிச்சாக்கூட எங்க ஆளுங்க கத்துவாங்க."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. என் பெண்ணின் உயிர் தொங்குவதே அந்தக் கயிற்றில்தான். அதை விட்டுவிட்டு மிக்ஸிக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம்?

அம்மாவும் பெண்ணும் பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போன நேரம்... பையைத் திறந்தேன். கயிற்றை வெளியே எடுத்து வாழையிலையில் வைத்தேன். சந்தனம் வேண்டாம், ஆரத்தி மட்டும் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தட்டைச் சுற்றும்போது எரிகிற கற்பூரம் நழுவிக் கயிற்றின் மேலேயே விழுந்தது!

ஊதினேன். வேட்டியால் அமுக்கினேன். நெருப்பு அணைந்துவிட்டது. கயிற்றின் நடுவில் மிளகு அளவுக்குக் கருப்பாக உருகி இறுகியிருந்தது. அந்த இடத்தில் கயிறு வளையவில்லை. அவசர அவசரமாகச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

உள்ளே வந்த என் மனைவி மூக்கைச் சுருக்கினாள். "என்னங்க, பிளாஸ்டிக் கருகுற வாடை வருது?"

"கற்பூரத்துல கலப்படம்" என்றேன். கூசாமல் சொன்னேன்!

"நீங்க அதைப் பத்தி எழுதுங்கப்பா. சும்மா விடாதீங்க" என்றாள் தேன்மொழி.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பையை நான்தான் தூக்கிப் போனேன். இதோ சொல்லிவிடலாம், பஸ் வந்ததும் சொல்லிவிடலாம்... பஸ் வந்தது, போய்விட்டது. ஏன் சொல்லவில்லை? 'நான்தான் சொன்னேன்ல' என்று பெண் கேட்டால் அப்பன் தலைகுனிய வேண்டுமே என்ற திமிர். வேறு காரணம் எதுவும் இல்லை. மிளகு அளவுதானே, சாமிக்குக் காட்டியதுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வாராவாரம் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் நான்... எழுதவே கை கூசுகிறது.

ஞாயிறு காலை காபியோடு வந்த மனைவி, "இந்நேரம் ஏற ஆரம்பிச்சிருப்பா, இல்லீங்களா?" என்றாள். போனை எடுத்து அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாள் என்றது. திரும்பவும் அடித்தேன். அதே பதில். நான் விடாமல் அடிப்பதைப் பார்த்து மனைவி உலுக்கிக் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அடப்பாவி மனுஷா! கலப்படம்னு சொன்னீங்களே!" காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, தன் போனிலிருந்து அவளும் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் மாறி மாறி அடித்ததில் ஒருவழியாக என் போனில் ரிங் போனது.

"என்னப்பா, இடுப்புல கயிறு முடிச்சுப் போட்டாச்சு. சீக்கிரம் சொல்லுங்க."

"ஏறாதே! கயிறைப் பாரு... நடுவுல பாரு. அன்னிக்கு அது மேல கற்பூரத்தைப் போட்டுட்டேன்மா. கலப்படம் இல்ல. நான்தான்."

கயிற்றைக் கைக்குள் விட்டு உருவுகிற சரசரப்பு மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. பிறகு நின்றது.

"ஆமா... இருக்கு."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? தப்பிக்க ஒரு சந்து கிடைக்காதா என்று, "ஏறுறதுக்கு முன்னாடி எப்பவும் தடவிப் பார்ப்பீங்கதானே? நான் சொல்லலேன்னாலும் நீ கண்டுபிடிச்சிருப்பே, இல்லம்மா?" என்று கேட்டேன்.

"எப்பவும் பார்ப்போம்ப்பா" என்றாள் மெதுவாக. கோபமே இல்லை அந்தக் குரலில்.

"இன்னிக்குத்தான் பார்க்கல. நம்ம வீட்டுலேர்ந்துதானே வருதுன்னு விட்டுட்டேன்."