நாற்பது கால் சிப்

இது என் கண் முன்னால் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கெஞ்சப் போவதில்லை. நினைத்தால் பயத்தை விடக் கோபம்தான் முதலில் வருகிறது.

1979 ஜூலை. நந்தனத்தில் ஒரு மாடி அறை. வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். கீபோர்டைப் படிக்க, சத்தம் எழுப்ப, நேரம் கணக்கிட, மூன்றுக்கும் சேர்த்து ஒரே சிப். எங்களுக்கென்றே அமெரிக்காவில் செய்யச் சொன்னது. போர்டில் செருக நாற்பது உலோகக் கால்கள். வந்தது ஒன்றே ஒன்று.

அதை எடுக்கும் முன் சுவரில் உள்ள எர்த் கம்பியைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் நம் உடம்பில் தேங்கிய மின்சாரமே சிப்பை எரித்துவிடும். ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும் ஷாகிரா இதை மறந்ததே இல்லை. நைலான் புடவைகூடக் கட்டி வரமாட்டாள். அன்றும் கம்பியைத் தொட்டாள், நான் பார்த்தேன். சிப்பைப் போர்டில் பொருத்தினாள். சிப் வேலை செய்யவில்லை.

"எரிச்சுத் தொலைச்சிட்டியே!" முதலாளி கனகராஜ் கத்தினார்.

"எர்த் தொட்டுட்டுத்தான் எடுத்தேன். சண்முகம் சார், நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க? சொல்லுங்க சார்..."

நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை போய்விடுமே என்ற பயம். தூ! நானெல்லாம் ஒரு மனிதன். அப்போதே அவளை வெளியே அனுப்பினார்கள். அழுதுகொண்டே போனவள் மேல் தேனாம்பேட்டை சிக்னலில் லாரி ஏறிவிட்டது.

நான்காம் நாள். சிப் எரிந்ததைப் பற்றிய ரிப்போர்ட்டுக்காக அதே போர்டை, அந்தச் சிப்போடு, மறுபடி ஓடவிட்டிருந்தேன். கனகராஜ் ஒரு தாளை நீட்டினார். 'ஷாகிராவின் கவனக்குறைவால் சிப் எரிந்தது.'

"கையெழுத்துப் போடுய்யா. செத்தவளுக்கு என்ன நஷ்டம்?"

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பேனாவை எடுத்தேன்.

மதியம் 2:17.

டிக்.

போர்டிலிருந்து. ஆனால் கீபோர்டைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன்.

டிக்... டிக்...

ஒவ்வொரு சத்தத்துக்கும் திரையில் ஓர் எழுத்து. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பது போல. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'தொட்டேன்.'

சால்டர் புகை நாறியது. சால்டர் வைக்கும் அயர்னைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

டிக். டிக். டிக்.

'சொல்லுங்க சார்.'

"பார்த்தேம்மா! தொட்டே, நான் பார்த்தேன்!" கத்தினேன்.

சத்தம் நின்றது. 2:24.

தாளைக் கிழித்தேன். ராஜினாமா எழுத வெள்ளைத் தாள் தேடி, கனகராஜின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். சிப்போடு வந்த கடித உறை கிடந்தது. அந்த ஆள் அதைப் பிரிக்கவே இல்லை.

நான் பிரித்தேன்.

'உண்மையான சிப் அடுத்த மாதம் வரும். இது கால்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க அனுப்பும் வெறும் கூடு.'

எரிந்துபோக அதற்குள் எதுவும் இல்லை. டிக் என்று ஒலிக்கவும் எதுவும் இல்லை.