ஏழாம் நம்பர் சுற்றவில்லை

1. நடுவில் அணைந்த வெளிச்சம்

“மிஸ், நடுவுல லைட்டு ஏன் அணையுது?”

கேட்டவர் சேவியர். தூத்துக்குடி ஹார்பரில் டக் மாஸ்டர். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் பெர்த்தில் சேர்க்கிற படகை ஓட்டுகிறவர். அவர் மகள் என்னிடம் படித்ததால் அந்த வீட்டில் எல்லோருக்குமே நான் மிஸ்தான். இடம் எங்கள் கோயில் ஹால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நூறு பேர் இருப்பார்கள். திரையில் ஓடிக்கொண்டிருந்தது என்னுடைய ஏழாம் நம்பர் கேலக்ஸி.

நான் இங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவள். வகுப்பு போக மிச்ச நேரத்தில், பெங்களூரில் கிரேஸ் அக்கா நடத்திய ஆராய்ச்சிக் குழுவுக்காக, தூரத்து கேலக்ஸிகளின் சுழற்சியை அளந்து கொடுப்பேன். அக்கா நாசரேத்துக்காரர், கல்லூரி ஹாஸ்டலில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். அளக்க வேண்டிய பன்னிரண்டு கேலக்ஸிகளில் எனக்குத் தலைக்கனம் தந்தது இந்த ஏழாம் நம்பர்தான்.

அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஆயிரத்து இருநூறு கோடி வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பிரபஞ்சம் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் அது. அந்தக் காலத்து கேலக்ஸிகள் அவசர அவசரமாக நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டு, ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு, தாறுமாறாகக் கிடக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஏழாம் நம்பரோ ஒரு தட்டைப் போல ஒழுங்காகச் சுற்றுகிறது என்று நான் அளந்திருந்தேன். அதைப் பற்றிய எங்கள் கட்டுரையை ஓர் ஆராய்ச்சி இதழ் ஏற்றுக்கொண்டிருந்தது, அச்சாக வேண்டியதுதான் பாக்கி. ஊர்ப் பத்திரிகையில் என் போட்டோ வந்திருந்தது. ஹாலில் பேசச் சொன்னதும் அதனால்தான்.

எங்களுக்குக் கிடைக்கிற டேட்டா க்யூப் என்பது ஒரு கட்டுப் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு சேனல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் போகிற வாயுவின் வெளிச்சம் மட்டும் ஒரு சேனலில் தெரியும். கேலக்ஸி சுற்றினால் அதன் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகிப் போகும். சேனல்களை வரிசையாகப் புரட்டினால் வெளிச்சப் புள்ளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நடந்து போவது தெரியும்.

அன்றைக்குப் புள்ளி அப்படி நடந்து போகவில்லை. இடது பக்கம் எரிந்தது, மங்கியது, அணைந்தது. பிறகு வலது பக்கம் எரிந்தது.

சேவியர் விடவில்லை. “கப்பல் திரும்புனா அதுல உள்ள லைட்டு அப்படியே நகந்துதான் போவும் மிஸ். இது இங்கன அணைஞ்சு அங்கன எரியுது. ரெண்டு கப்பல்லா இது?”

ஹாலில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சிக்னல் டு நாய்ஸ், பீம் ஸ்மியரிங், கைனமேட்டிக் மாடல் என்று வாயில் வந்ததையெல்லாம் அடுக்கி, “அது வெறும் நாய்ஸ், சேவியர், கருவியோட இரைச்சல்ல வெளிச்சம் முங்கிப்போச்சு” என்று முடித்தேன். அவர் “சரி மிஸ்” என்று உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். ஃபாதர் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

2. மூன்றைக் கூட்டி ஒன்றாக்கியது

மறுநாள் காலை காபியைக்கூடக் குடிக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன்.

மங்கலான சிக்னலைத் தூக்கிக் காட்ட, பக்கத்துப் பக்கத்துச் சேனல்களைக் கூட்டிக்கொள்வது எங்கள் வேலையில் வழக்கம். பின்னிங் என்போம். ஏழாம் நம்பருக்கு நான் மும்மூன்றாகக் கூட்டியிருந்தேன். இடது பக்கத்தின் கடைசி வெளிச்சமும் வலது பக்கத்தின் முதல் வெளிச்சமும் ஒரே படத்துக்குள் விழுந்து, நடுவில் ஒரு மங்கலான திட்டு இருப்பதுபோல் ஆகிவிட்டது. புள்ளி நடக்கிறது என்று நான் நம்பினேன். எங்கள் மென்பொருளும் ‘இது சுற்றுகிறதா?’ என்று கேட்காது. சுற்றுவதாக வைத்துக்கொண்டு, எவ்வளவு வேகம் என்று மட்டும் சொல்லும்.

ஹாலில் காட்டிய படத்துக்கு நான் பின்னிங் செய்யவில்லை. செய்தால் படங்கள் குறைந்து, அனிமேஷன் வெட்டி வெட்டி ஓடும். ஜனங்களுக்கு அழகாகக் காட்ட ஆசைப்பட்டு, கூட்டாத சேனல்களையே போட்டிருந்தேன். அதை நானே ஒரு தடவைகூடப் பொறுமையாகப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. நாய்ஸ் என்று நான் சொன்ன இடத்தில் உண்மையிலேயே வெளிச்சம் இல்லை. சுற்றுகிற ஒரு கேலக்ஸி அல்ல அது. பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற இரண்டு கேலக்ஸிகள்.

3. கிரேஸ் அக்காவுக்கு போன்

நம்பரைப் போடுவதற்குள் மூன்று தடவை போனைக் கீழே வைத்தேன். புதன்கிழமை நிதி கொடுக்கிற கமிட்டி கூடுகிறது. குழுவுக்கு ஐந்து வருட நீட்டிப்பு கிடைக்குமா என்பது அங்கேதான் முடிவாகும். கிடைக்காவிட்டால் குழுவைக் கலைக்க வேண்டியதுதான்.

சொன்னேன்.

“ஏளா, நல்லாப் பாத்தியா?”

“நாலு தடவ பாத்துட்டேன் அக்கா.”

“அந்த ஒத்தக் கேலக்ஸிய முன்னால வச்சுத்தான அஞ்சு வருசம் கேக்கோம். தெரியும்லா?”

“தெரியும்.”

“வியாழக்கிழமை கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா நீ?”

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பற்றி மேலே பேசவில்லை. “கூட்டாத சேனல் பூரா அனுப்பு. கமிட்டியில மொத ஸ்லைடா அதத்தான் போடப் போறேன். பேப்பரையும் நிறுத்திருதேன்” என்றார்.

போட்டார். நீட்டிப்பு கிடைக்கவில்லை. கையில் இருக்கும் வேலையை முடிக்க ஒரு வருடம் மட்டும் கொடுத்தார்கள். என்னால்தான் போனது, இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்த ஒரு வருடத்தில் பன்னிரண்டையும் கூட்டாத சேனல்களில் மறுபடி பார்த்தோம். எட்டு கேலக்ஸிகளில் புள்ளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அழகாக நடந்து போனது. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

4. நன்றிப் பகுதி

கட்டுரையை முழுக்கத் திருத்தி எழுதினோம். என் பேரை எடுத்துவிடச் சொன்னேன்.

“தப்பப் போட்டதும் நீதான், எடுத்ததும் நீதான். பேரு இருக்கட்டும்” என்றார் கிரேஸ் அக்கா. “நன்றியில இன்னொரு பேரும் வேணும். அந்த டக் மாஸ்டர் முழுப்பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. ஒரே கோயிலுக்குத்தான் போகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் வரும் பக்கம் நான் போவதே இல்லை. அன்றைக்குத்தான் போன் செய்தேன். டூட்டியில் இருந்தார், எஞ்சின் சத்தம் கேட்டது.

“நீங்க சொன்னதுதான் சரி, சேவியர். அது ரெண்டுதான். அன்னைக்கு நான் உங்கள அத்தன பேர் முன்னால வாயடச்சு உக்கார வச்சுட்டேன். மன்னிச்சிருங்க.”

“அட, அதுல என்ன மிஸ் இருக்கு.” முழுப்பேரைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். பிறகு, “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

“படத்தைப் பாத்தா?”

“படம் எனக்கு என்ன தெரியும்? நான் கேட்டதும் நீங்க ஸ்கிரீனத் திரும்பியே பாக்கல. எங்களையே பாத்து பேசிட்டிருந்திய.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு யோசனைதான். யார் கேட்டாலும் முதலில் திரும்பித் திரையைப் பாருங்கள். பதிலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.