எருமை மேல ஒரு ஜன்னல் சீட்டு

போன வாரம் ஒரு சாவு வீட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை!

நண்பர் பாஸ்கர் சென்னையில் ஒரு சங்கீத சபாவின் செயலாளர். கச்சேரி நடுவே யாராவது இருமினால்கூடத் திரும்பி முறைக்கிற ஆள். சொந்த ஊர் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டை. அங்கே அவர் அப்பா தவறிவிட்டார். மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டு என்ன ஆவாரோ என்று அவர் மனைவிக்குப் பயம்.

அந்தப் பக்கம் கருமாதிக்கு முந்தின நாள் கூத்து வைப்பது வழக்கம். வீணைக் கச்சேரி போதும் என்றார் பாஸ்கர். அவருடைய சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். கூத்து இல்லையென்றால் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு வழி? கூத்துதான்.

பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தார்கள். சபா நண்பர்களோடு நானும் முன்வரிசையில். கட்டியக்காரன் — கூத்தின் கோமாளி — மாலை போட்ட படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். மைக்கைப் பிடித்தார்.

“எமன் எருமைய ஓட்டிக்கினு வந்து, ‘ஏறு பெரியவரே’ன்றான். இவரு ஏறவே மாட்டேன்றாரு. இன்னா விஷயம்னு கேட்டா... ஜன்னல் சீட்டு வேணுமாம்பா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்தவரையா? அவர் படத்துக்கு எதிரிலேயேவா? ஆனால் ஊரே சிரிக்கிறது! பெரியவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். ஜன்னலோரம் கிடைக்காத பஸ்ஸில் ஏறவே மாட்டார். இதையெல்லாம் ஊரில் விசாரித்துக்கொண்டுதான் கோமாளி மேடை ஏறுவாராம். அடக்க முடியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இரங்கல் கூட்டங்களில் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்கிறோமே... அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஜன்னல் சீட்டு இவர் ஒருவருக்குத்தானே பொருந்தும்?

பாஸ்கர் விருட்டென்று எழுந்து மேடைக்குப் போனார். சிரிப்பு நின்றது. சித்தப்பாவும் முகம் இருண்டு எழுந்தார். போச்சு, இன்றோடு இந்தக் குடும்பம் இரண்டு என்று நினைத்தேன்.

பாஸ்கர் மைக்கைப் பிடுங்கினார். சபாவில் நாங்கள் கேட்ட தமிழே இல்லை அது.

“நீ பாதிதான்பா சொல்ற. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு போட்டு, பக்கத்து சீட்ட எனக்குப் புடிச்சு வெப்பாரு. ஸ்கூலுக்கு உக்காந்துக்கினுதான் போவேன். அந்த எருமை மேலயும் எனக்குத் துண்டு போட்டுத்தான் வெச்சிருப்பாரு.”

கோமாளிதான் முதலில் சிரித்தார். பிறகு ஊர் சிரித்தது, சபா நண்பர்களும் சிரித்தார்கள். பாஸ்கரும் சிரித்தார்... சிரித்தபடியே உடைந்து, தேம்பித் தேம்பி அழுதார்.

சித்தப்பா மேடையேறி அவரை இழுத்து அணைத்துக்கொண்டார். காதோடு சொல்ல நினைத்ததை மைக் எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

“மொறைப்படி அந்த சீட்டு எனக்குடா. நீ அடுத்த பஸ்ல நிதானமா வா.”