மிராசுதாரின் தனிக்கத்தி

அப்பாவின் சவரக்கத்தியை எண்ணெய் விட்டுக் கல்லில் தீட்டுகிறேன். துரு போய்விட்டது. அலகின் நடுவே சில்லு பெயர்ந்த இடம் அப்படியே இருக்கிறது.

பூதலூர் பக்கத்தில் எங்கள் ஊர். மிராசுதாருக்கென்று அப்பா வைத்திருந்த தனிக்கத்தி இது. ஒருநாள் அவசரத்தில் இதை எடுத்து, வயல்வேலை செய்யும் ஒருவருக்கு மழித்துவிட்டார். சேதி மிராசுதாருக்குப் போனது.

“கண்ட பய மூஞ்சில வச்சத எனக்கு வைப்பியாடா?” கத்தியைப் பிடுங்கிக் களத்துக் கல்லில் எறிந்தார்.

“தப்புதாங்க,” என்று அப்பா குனிந்து எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்குப் பத்து வயது.

வீட்டில் அலகின் சில்லைப் பார்த்துக் கேட்ட அம்மாவிடம், “கை தவறிடுச்சு,” என்றார் அப்பா.

மறுநாள் வேறு கத்தியோடு போனோம். மிராசுதார் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். அப்பாவின் கை நடுங்கவே இல்லை. முடித்ததும் படிகாரம் தடவி, “எரியுதுங்களா?” என்று பரிவாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்காக அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.